தோமையாருக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள்

என் மகன் தோமாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்துவிட்டதாக உன் அப்பா இன்று காலையில் சொன்னார். உங்கள் சபை அலுவலகத்திலிருந்து யாரோ கூப்பிட்டுச் சொன்னார்களாம். சின்ன விமானம், மலைகளுக்கு நடுவே புல்தரையில் இறங்கியதாம், அங்கிருந்து ஜீப்பில் மேலே ஏறவேண்டுமாம். லாரி ஓட்டிய காலத்தில் பாதைகளைப் பற்றிச் சொல்வதுபோலவே நிதானமாகச் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். செனாய் விமான நிலையத்தில் உன்னிடம் ஒரு சொல்லும் பேசாமல் நின்றவள் நான். கோயிலிலிருந்து வந்தவர்கள் உன்னைச் சுற்றிக்கொண்டு படம் எடுத்தார்கள். என் கையைப் பிடித்து, சாமியாரைப் பெற்ற வயிறு கொடுத்து வைத்தது என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். உன் அப்பாவோ உன்னை "ஃபாதர்" என்று கூப்பிட்டுச் சிரித்தார், பிறகு கார் நிறுத்திய இடம் தெரியாமல் வெயிலில் சுற்றிச் சுற்றி நடந்தார். எனக்கு உன்னை ஃபாதர் என்று கூப்பிட வாய் வரவில்லை. எனக்கு நீ தோமாதான்.

வேதம் பரப்பப் போன மகனைப் பற்றித் தாய் நாலு வார்த்தை எழுதித் தரவேண்டும் என்று நம் கோயில் தமிழ் இதழில் கேட்டிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் எல்லாம் உன்னிடம் பேசுவதாகவே வருகிறது. அதனால் உனக்கே எழுதுகிறேன். அவர்கள் விரும்பினால் போடட்டும். உனக்குத் தெரிந்த கதைகளும் இதில் இருக்கும். பொறுத்துக்கொள், தெரியாதவர்களும் படிப்பார்கள்.

நீயும் ஜோசப்பும் குளுவாங் ஆஸ்பத்திரியில் ஒரே காலையில் பிறந்தீர்கள். அவன் முதலில், நீ பின்னால். அப்போது நாங்கள் லாயாங் லாயாங் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருந்தோம். உன் அப்பா பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டினார். தோட்டத்துக்குள்ளேயே தகரக் கூரை போட்ட சின்னக் கோயில், புனித தோமையார் பேரில். ஞானஸ்நானம் கொடுக்க வந்த வயதான சாமியார் உங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெட்டப் பிள்ளைங்களா? அப்ப ஒருத்தனுக்குத் தோமான்னு வைங்கம்மா. அந்தப் பேருக்கே ரெட்டையன்னுதான் அர்த்தம்" என்றார். அப்படியானால் தோமையாருடன் பிறந்த மற்றவன் பேர் என்ன, அதையே இன்னொருவனுக்கு வைக்கலாமே என்று உன் அப்பா கேட்டார். சாமியார் சிரித்துவிட்டு, அது யாருக்கும் தெரியாது, எங்கேயும் எழுதி வைக்கவில்லை என்றார். அதனால் மூத்தவனுக்கு உன் அப்பாவின் தாத்தா பேரை வைத்தோம். உங்கள் முகத்தில் வித்தியாசமே கிடையாது. பெற்ற நானே பின்னாலிருந்து பார்த்தால் பேர் மாற்றிக் கூப்பிடுவேன். தொண்டைகூட ஒன்றுதான். அடுத்த அறையிலிருந்து யாராவது "ம்மா" என்றால், எவன் கூப்பிடுகிறான் என்று எழுந்து போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கோயிலில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்தது நான்தான். ஜூலை பிறந்தால் தோமையார் திருநாள் வரும், அவர் கதைதான் ஓடும். நீங்கள் இருவரும் முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் ஒரு சொல் மாற்றினாலும் பிடித்துவிடுவீர்கள். ஆண்டவர் விண்ணகம் போனபின் சீடர்கள் கூடிச் சீட்டுப் போட்டு, யார் எந்த நாட்டுக்குப் போவது என்று பார்த்தார்கள். தோமையாருக்கு இந்தியா விழுந்தது. அவர் மாட்டேன் என்றுவிட்டார். எனக்கு உடம்பு முடியாது, அந்தப் பாஷை தெரியாது, வேறெங்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள், அங்கே மட்டும் வேண்டாம் என்றார். ஆண்டவர் கனவில் வந்து சொல்லியும் கேட்கவில்லை. அப்போது இந்தியாவின் வடக்கே ஓர் அரசனுக்கு மாளிகை கட்ட ஆள் தேடி ஒரு வணிகன் எருசலேமுக்கு வந்திருந்தான். ஆண்டவரே சந்தைக்குள் போய், எனக்கு ஓர் அடிமை இருக்கிறான், நல்ல தச்சன் என்று சொல்லி அவரை விற்றுவிட்டார். வணிகன் தோமையாரிடம் வந்து, அதோ நிற்பவர் உன் எஜமானா என்று கேட்டான். அவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஆமாம், அவர்தான் என் எஜமான் என்றார். அதோடு முடிந்தது. மறுநாள் கப்பல்.

இந்த இடம் வந்தால் உனக்கு முகம் மலர்ந்துவிடும். "போமாட்டேன்னு சொன்னவரையும் சாமி கூட வச்சுக்கிட்டாராம்மா?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்பாய். உனக்குப் பள்ளிக்கூடம் போகவே பிடிக்காது, அதனால் கேட்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன். ஜோசப்புக்கு அடுத்த பகுதிதான் பிடிக்கும். மாளிகை கட்ட அரசன் கொடுத்ததையெல்லாம் தோமையார் ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, உங்கள் மாளிகையை வானத்தில் கட்டியிருக்கிறேன், இறந்தபின் பார்க்கலாம் என்பார். அரசன் அவரைச் சிறையில் தள்ளுவான். "அலமாக், அது ஏமாத்து வேலை லா" என்று ஜோசப் எழுந்து நிற்பான். "ராஜா வீடு கட்டத்தானே குடுத்தாரு? கேட்டுட்டுல்ல குடுத்திருக்கணும்?" அரசன் பக்கம் வழக்காடிய ஒரே கிறிஸ்தவப் பிள்ளை அவன்தான். அவனை உட்காரவைப்பதற்குள் கதையின் முடிவுக்கு வந்துவிடுவேன். அந்த அரசனின் தம்பி நோயில் இறந்துபோவான். வானதூதர்கள் அவனை மேலே கொண்டுபோவார்கள். அங்கே ஓர் அழகான மாளிகையைப் பார்த்து, இதன் கீழ்த்தட்டில் ஓர் அறையாவது கொடுங்கள் என்பான். இது உன் அண்ணனுக்குத் தோமா கட்டியது என்பார்கள். உடனே தம்பி, என்னைத் திருப்பி அனுப்புங்கள், அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்பான். அவனுக்குச் சவத்துணி போர்த்திக்கொண்டிருக்கும்போதே உயிர் திரும்பி வந்து எழுந்து உட்காருவான். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

தோட்டத்தில் பாதியை முதலாளிகள் வீடு கட்ட விற்றபின் நாம் ஜொகூர் பாரு வந்தோம், மாசாயில் இந்த அடுக்குமாடி வீட்டுக்கு. ஜோசப் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போனான். விடியும் முன்பே எழுந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி, சிங்கப்பூர்ப் பாலத்தை நோக்கி ஆறுபோல ஓடும் அத்தனை மோட்டார்களோடும் ஒன்றாகப் போய், இருட்டிய பிறகு வருவான். நீ தொழில்நுட்பம் படித்து, பிந்துலுவுக்கு அப்பால் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலைக்குச் சேர்ந்தாய். பிறந்ததிலிருந்து நீங்கள் இருவரும் பிரிந்திருந்தது அதுதான் முதல் தடவை. போனில் பேசும்போதெல்லாம் அவன் உன்னிடம் அண்ணன் என்று கூப்பிடச் சொல்லி வம்பு பண்ணுவான். சில நிமிஷத்துக்கெல்லாம் அண்ணன் கிடையாது என்று நீ சொல்வாய். உனக்கு அவன் எப்போதும் ஜோதான்.

அவன் போன காலையைப் பற்றி நாம் மூன்று பேருமே அதிகம் பேசியதில்லை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாலத்துக்குப் போகும் பெரிய சாலையில் ஒரு லாரி வழுக்கித் திரும்பியது. அவ்வளவுதான் போலீஸ்காரர் சொன்னார். உன் அப்பா அந்த ஓட்டுநரைப் பற்றி ஒரு சொல்லும் கெட்டதாகப் பேசவில்லை. ஈரச் சாலையில் பாரத்தோடு பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அன்றிலிருந்து அவர் லாரியில் ஏறவே இல்லை. பெற்றவள் பார்க்கவேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் என்னைத் தடுத்தார்கள். நான் உள்ளே போனேன். பிறந்தபோது குளிப்பாட்டியவள் நான், இப்போதும் நான்தான் குளிப்பாட்டுவேன் என்று சொன்னேன். அங்கே வேலை பார்த்த மலாய்க்காரப் பெண் ஒருத்தி ஒன்றும் பேசாமல் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் தேய்க்கும்போது துணியைப் பிழிந்து பிழிந்து கொடுத்தாள். அவள் பேர்கூட எனக்குத் தெரியாது.

கடலில் புயல். ஹெலிகாப்டர் பறக்கவில்லை. நீ அங்கேயே மாட்டிக்கொண்டாய். தம்பி வரட்டும், காத்திருப்போம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். உடம்பு இருக்கும் நிலையில் இனியும் வைத்திருக்க முடியாது என்றார்கள், பெட்டியை மூடிவிட்டார்கள். நீ வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, கீழே போட்டிருந்த கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே வாசலில் நின்று, "ஜோ எங்க?" என்று கேட்டாய். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் உன்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். அன்று காலையில் புதைத்துவிட்டு வந்த முகம் வாசலில் வந்து நின்றால் அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

நீ நம்பவில்லை. கல்லறைக்கு வரமாட்டேன் என்றாய். கோயிலுக்கும் வருவதை நிறுத்தினாய். அவன் நம்பருக்குப் போன் போட்டு, போட்டு, அது அணைந்துகிடக்கிறது என்று சொல்லும் பெண்குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, "நீங்கல்லாம் பாத்தீங்க. நான் பாக்கலயேம்மா. பாக்காதத எப்படி நம்புறது?" என்றாய். உறவுக்காரர் ஒருவர், பேர் தோமா அல்லவா, சந்தேகம் இல்லாமல் எப்படி இருக்கும் என்று வேடிக்கையாகச் சொல்லிவைத்தார். நீ எழுந்து வெளியே போய்விட்டாய். அவர்மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. தோமையாரைச் சந்தேகக்காரர் என்று சொல்வதே எனக்குப் பிடிக்காது. பிள்ளைகளிடம் எப்போதும் நான் சொல்வது, அவர் அன்றைக்கு அங்கே இல்லை, அவ்வளவுதான். ஆண்டவர் உயிர்த்து வந்து நின்றபோது மற்றவர்கள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள், அவர் வெளியே போயிருந்தார். எங்கே என்று யாரும் சொல்வதில்லை. எல்லாருக்கும் ரொட்டி வாங்கப் போயிருக்கலாம். திரும்பி வந்தபோது மற்றவர்கள் முகத்தில் இருந்த ஒன்று அவருக்கு மட்டும் இல்லை. காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று அவர் சொன்னது வறட்டு விவாதம் இல்லை, நெஞ்சு வெடித்துச் சொன்னது. அதனால்தான் ஆண்டவர் அவரைத் திட்டவில்லை. மறுபடியும் வந்து, கையை நீட்டிக் காட்டினார்.

ஆனால் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்வது வேறு, சொந்தப் பிள்ளைக்குச் செய்வது வேறு. ஒருநாள் காலை உனக்குத் தோசை வார்த்து வைத்தேன், நீ தொடவில்லை. அடுப்படி மேசையில் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்து, "எங்கம்மா அடிபட்டிச்சு அவனுக்கு?" என்று கேட்டாய். வாயால் சொல்லத் தெரியவில்லை. உன் சட்டையைக் கழற்றச் சொன்னேன். உன் வலது கையைப் பிடித்து, உன் இடது விலாவில் வைத்தேன். "இங்க" என்றேன். பிறகு தோள் எலும்பில். "இங்க." பிறகு காதுக்குப் பின்னால், முடிக்குள்ளே. "இங்க. இதுலதான் போயிட்டான்." உன் விரல்களை அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டேன். என் கைக்கு அந்த இடங்களெல்லாம் தெரியும், நான் கழுவியவை. ஒரே உடம்பு, ஒரே எலும்பு. ஒன்றில் காயம் இருந்தது, ஒன்றில் இல்லை. நீ தலையை மேசையில் கவிழ்த்து, "அண்ணே" என்றாய். பிறந்ததிலிருந்து அவன் கேட்டுக் கேட்டும் நீ சொல்லாத சொல். அன்று மத்தியானம் முழுவதும் அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தாய். சாயங்காலம் நாம் மூன்று பேரும் கல்லறைக்குப் போனோம்.

அதற்குப் பிறகு வந்த ஜூலையில் இங்குள்ள கோயிலிலும் நான் எடுத்த மறைக்கல்வி வகுப்பில் தோமையார் கதை சொன்னேன். மாளிகை வரைக்கும் வந்தேன். அரசனின் தம்பி இறந்துபோவதையும் சொன்னேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டேன். அதன்பின் நான் அந்தப் பகுதியைச் சொன்னதே இல்லை. சிறையிலிருந்து நேரே மயிலாப்பூருக்குத் தாவிவிடுவேன். யானைகள் இழுத்தும் அசையாமல் கரையில் கிடந்த பெரிய மரத்தை அவர் இடுப்புக் கச்சையைக் கட்டி இழுத்து வந்தது, சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தது, பாறையில் ஊற்று வந்தது என்று அவசரமாகச் சொல்லி முடிப்பேன். நீ ஒருநாள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டாய். வீட்டுக்கு நடந்து வரும்போது, ஏன் அந்தத் தம்பியை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டாய். அவனைத் திருப்பி அனுப்பினார்களே, அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்றேன். "எனக்கும் அந்த இடம்தாம்மா கோவம்" என்றாய். கடவுள் பேரில் உனக்கும் எனக்கும் ஒரே கோபம் இருந்தது என்று தெரிந்ததும் எனக்கு ஏதோ ஆறுதலாக இருந்தது. சாமியாராகப் போகிறேன் என்று நீ சொல்வாய் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

நீ சொன்னபோது நான் மறுக்கவில்லை. கடல் வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போவது சந்தோஷம்தான். குருமடம் இருக்கும் பினாங்கு தூரமில்லை, குருப்பட்டம் வாங்கி இங்கேயே யோங் பெங்கிலோ குளுவாங்கிலோ ஒரு கோயிலில் இருப்பாய், பூசைக்கு வந்து உட்காரலாம், உனக்குச் சமைத்துக் கொண்டுவரலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். நீ சேர்ந்தது வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் சபை என்பதை நான் மனதுக்குள் வாங்கவே இல்லை. பயிற்சிக்காகப் பாப்புவா நியூ கினி மலைக்குப் போய்வந்தாய். பட்டம் வாங்கிய கையோடு, அங்கேயே நிரந்தரமாக அனுப்புகிறார்கள் என்று வந்து நின்றாய். அன்று நம் வீட்டில் நடந்த சண்டையைப் போல நம் வாழ்க்கையில் நடந்ததில்லை. இங்கே செத்தவன் இல்லையா, அழுகிறவள் இல்லையா, தமிழில் பூசை வைக்க ஆள் இல்லாமல் கோயில் பூட்டிக் கிடக்கவில்லையா என்று கேட்டேன். "பாஷை தெரியாத ஊருக்குப் போயி என்ன செய்வ?" என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டு, "நானும் முடியாதுன்னுதாம்மா மொதல்ல சொன்னேன்" என்றாய்.

பிறகு நீ சொன்னதை நான் அன்றைக்குக் காதில் வாங்கவில்லை, இப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. அந்த மலையில் மண் சரிந்து ஒரு வீடு மூடிப்போனதாம். மகனைப் பறிகொடுத்த ஒருத்தி, முகமெல்லாம் களிமண்ணைப் பூசிக்கொண்டு அந்த மண்மேட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாளாம். அங்கே துக்கம் காப்பது அப்படித்தானாம். உடம்பு கிடைக்கவில்லை. உனக்கு அவள் பாஷை ஒரு சொல்லும் தெரியாது. பக்கத்தில் போய் உட்கார்ந்தாயாம். அவள் கொஞ்சம் களிமண்ணை எடுத்து உன் நெற்றியில் பூசினாளாம். மழை வரும்வரைக்கும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தீர்களாம். "இங்க எல்லாரும் பேசுறாங்கம்மா. கடவுள் சித்தம்னு சொல்றாங்க, நானும் சொல்லணும்னு எதிர்பாக்குறாங்க. அங்க நான் சும்மா உக்காரலாம். எனக்கு அதுதான் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது" என்றாய். உன் அப்பா உடனே, "அவன் போவட்டும்" என்றார். நான் அவர்மேலும் பாய்ந்தேன். உங்களுக்கு என்ன, நீங்கள் ஆம்பிளை என்றேன். அவர் உன் காலணிகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

நீ கிளம்பும் நாள் நெருங்க நெருங்க எனக்குத் தோமையார் மேலேயே ஆத்திரம் வந்தது. அந்தக் கதைகளை ஊட்டி வளர்த்தவள் நான்தானே. ஒருநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அவரை வாங்கிய வணிகன் வருகிறான். அரசன், அரசனின் தம்பி, கல்யாணப் பந்தலில் குழல் ஊதிய பெண்கூட வருகிறாள். பரங்கிமலையில் அவர் செபித்துக்கொண்டிருந்தபோது ஈட்டியால் குத்தியவன் வருகிறான். செத்தபின் எலும்புகளைத் தூர தேசத்துக்குக் கொண்டுபோனவர்கள் வருகிறார்கள். அவரைப் பெற்றவள் மட்டும் எங்கேயும் வரவில்லை. பங்குச் சாமியாரிடம் கேட்டேன். இல்லைம்மா, எங்கேயும் இல்லை என்றார். கலிலேயாவில் ஏதோ ஒரு வீட்டில் அவள் இருந்திருப்பாள் அல்லவா? மகன் கப்பலேறிவிட்டான் என்று யாராவது வந்து சொல்லியிருப்பார்கள். கப்பல் எங்கே போகும், எத்தனை மாதம் ஆகும், அங்கே என்ன சாப்பிடுவான் என்று அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஈட்டி பட்ட சேதி அவளுக்கு வந்ததோ இல்லையோ. வராமலே செத்திருந்தால் நல்லது.

அவளை நினைத்து அழுதுகொண்டிருக்கும்போதே எனக்கு அந்த இன்னொருவன் நினைவு வந்தான். பேர் தெரியாத மற்ற ரெட்டை. அவன் ஊரிலேயே இருந்திருப்பானோ? மீன் பிடித்துக்கொண்டு, கல்யாணம் கட்டிக்கொண்டு, தாயோடு இருந்திருப்பானோ? அப்படியானால் அவள் என்னைவிடக் கொடுத்து வைத்தவள். இவன் முகத்தில் சுருக்கம் விழும்போது, அங்கே அவனுக்கும் விழுந்திருக்கும் என்று தெரிந்துகொண்டிருப்பாள். இவன் இருமும்போது அவனை நினைத்து மருந்து அரைத்திருப்பாள். இதை நினைத்தபோதுதான் தோமா, நான் உன்னை ஏன் போகவிட மறுத்தேன் என்று எனக்கே புரிந்தது. ஆபத்து, பாஷை, தூரம் என்று நான் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் அடியில் இருந்தது வேறு.

ஜோசப் இன்னும் இளவயதுப் பையனாகவே இருக்கிறான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சுவரில் மாட்டிய படத்தில் அவன் அப்படித்தான் சிரிக்கிறான். நான் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்து நீ கதவைத் திறக்கும்போதெல்லாம் அவனும் உள்ளே வந்தான். நீ கொஞ்சம் சதை போட்டபோது அவனும் போட்டான். உனக்குக் கண்ணாடி வந்தபோது, அவனுக்கும் இந்த வயதில் கண் மங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த அறையிலிருந்து நீ "ம்மா" என்றால், எழுந்து போய்ப் பார்க்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பேன். பார்க்காத வரைக்கும் அது யார் குரலாகவும் இருக்கலாம் அல்லவா? உனக்கு இது பாரமாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒரு பிள்ளையை அவனுக்காகவே பார்க்காமல் இன்னொருவனுக்காகவும் பார்ப்பது நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் உண்மை அதுதான். நீ விமானம் ஏறியபோது மற்றவர்கள் ஒருவனைத்தான் வழியனுப்பினார்கள். நான் வாய் திறக்காமல் நின்றது அதனால்தான்.

இனி உன்னைத் திரும்பி வா என்று சொல்லமாட்டேன். அங்கே அந்தத் தாய்க்கும் யாராவது பக்கத்தில் உட்காரவேண்டும். அவள் பாஷையைக் கற்றுக்கொள், ஆனால் அவசரமாகக் கற்றுக்கொண்டு அவசரமாகப் பேசிவிடாதே. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் கடவுள் சித்தம் என்று நீயும் சொல்லிவிடாதே. அவள் காயத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பாமல் பார். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாளே, அவள் ஒரு செபமும் சொல்லவில்லை, அவளை மாதிரி இரு. பெரிய கோயிலெல்லாம் கட்டவேண்டாம், இருக்கிற கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் போதும். பசியாறாமல் பூசைக்குப் போய்விட்டுப் பிறகு மறந்துவிடும் பழக்கத்தை விடு. குளிர் ஊர் என்கிறார்கள், மார்பை மூடிக்கொள். மழை பெய்தால் மண் சரியும் பாதையில் போகாதே, நாலு பேர் கூப்பிட்டாலும் காலையில் வருகிறேன் என்று சொல். ஈட்டிக்கு முன்னால் போய் நிற்கும் புனிதர் ஒருவர் போதும் நமக்கு. நீ புனிதராக வேண்டாம், தோமா. நீ கிழவனாகவேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான், தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அங்கே நரை விழுந்தால் மை பூசி மறைக்காதே. பல் விழுந்தாலும் வெட்கப்படாதே. வருடத்தில் ஒரு தடவையாவது, வெளிச்சமான இடத்தில் நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. உன் அப்பாவிடம் நீ எப்படி இருக்கிறாய் என்று காட்டிவிட்டு, பிறகு நான் தனியாக எடுத்துவைத்து, அவன் எப்படி இருக்கிறான் என்று பார்த்துக்கொள்வேன்.

உன் அம்மா